நழுவிய குச்சி

ஆஸ்பத்திரி ஜன்னல் வெயில் கட்டிலின் இரும்புக் கம்பியில் விழுகிறது. தலையணையருகே போனில், தம்பி பைத்தியமாக ரசித்த டிரம்மர் தனியாக வாசித்துக்கொண்டிருக்கிறார். பழைய கச்சேரிப் பதிவு. வீட்டுப் பாத்திரத்தையெல்லாம் தட்டியே நெளித்த தம்பி, இப்போது அந்தக் கட்டிலில் பேச்சிழந்து கிடந்து, ஒற்றை விரலால் கம்பியைத் தட்டுகிறான். "இப்ப குச்சி நழுவும் பாரு," என்கிறாள் அக்கா, முன்பெல்லாம் அவன் சொல்வதை இப்போது அவனுக்காக. நழுவுகிறது. கூட்டமே மூச்சைப் பிடித்துக்கொள்கிறது. ரசிகர்களுக்கு வாசிப்பைவிட அந்த மௌனம்தான் உசத்தி. தம்பியும் வழக்கம்போல விரலைத் தூக்கிக் காத்திருக்கிறான். டிரம்மர் கைக்கு வேறு குச்சி வந்து இடிபோல அடி இறங்குகிறது, கூட்டம் அலறுகிறது. தம்பியின் விரல் மட்டும் கம்பியைத் தட்டாமல் மெல்ல மடங்கிப் போர்வையில் சாய்கிறது. அக்கா விரலையே பார்க்கிறாள், முகத்தைப் பார்க்கவில்லை. "அவசரமில்லடா," என்று சொல்லி, குச்சி நழுவுவதற்குச் சற்று முன்னாலிருந்து மறுபடி போடுகிறாள்.