நாலு கிலோ

"நாலு கிலோம்மா! ஒரே நாள்ல நாலு கிலோ! எனக்கு இன்னிக்கும் சுடுதண்ணி மட்டும் போதும்."

ஜோஸ்லின் இட்லித் தட்டைத் தள்ளினாள். நேற்றுக் காலையிலிருந்து அந்த வீட்டில் தள்ளப்பட்ட நாலாவது தட்டு அது.

தாய் ரோசிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர் அவள். ஊர்ப்பிள்ளைகள் நூற்றைம்பது பேரைத் தினமும் சாப்பிட வைக்கிறவளுக்கு, பெற்ற பிள்ளை ஒன்றைச் சாப்பிட வைக்க முடியவில்லை.

எல்லாம் மூன்று வாரம் முன்பு செல்போனில் பார்த்த ஒரு வீடியோவால் வந்தது. காலையில் அரை வெள்ளரிக்காய், மதியம் மீதி அரை வெள்ளரிக்காய், ராத்திரி அதை நினைத்துக்கொண்டே தூக்கம். பதினாறு வயதுப் பெண் ஒருத்தி இருபது நாள் டயட் இருந்ததில் ஜமுனாமரத்தூர் சந்தையில் வெள்ளரிக்காய்க்கே தட்டுப்பாடு வந்துவிட்டது.

இருபத்தோராம் நாள் ஞாயிற்றுக்கிழமை. ஒடுகத்தூரில் சித்தி வீட்டுக் குழந்தைக்கு ஞானஸ்நானம். தானிய மண்டியில் வேலை என்று அப்பா சந்தியாகப்பன் தங்கிவிட, தாயும் மகளும் மட்டும் போனார்கள். பிரியாணி அண்டாவின் மூடியைத் திறந்ததுதான் தெரியும். ஜோஸ்லின் மூன்று தட்டு முடித்து, நாலாவதை 'உப்பு பார்க்க' வாங்கினாள். பிரெட் அல்வா பாத்திரத்தைச் சித்தி கழுவவே இல்லை; அதற்கு அவசியம் இருக்கவில்லை.

மறுநாள் காலை, வழக்கம்போல அப்பாவின் மண்டியில் இருந்த எடை மெஷின் மேல் ஏறினாள். அவள் போட்ட அலறலில் மலைப்பாதையில் வந்துகொண்டிருந்த பஸ் தானாக பிரேக் போட்டு நின்றதாகக் கேள்வி. அன்றிலிருந்து சுடுதண்ணீர்தான்.

"இத பாருடி," என்று ரோசி பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஒரு நாள் தின்னா குண்டாயிட மாட்ட. ரெண்டு நாள் பட்டினி கெடந்தா ஒல்லியாவும் ஆயிட மாட்ட. இருபது நாளா வெள்ளரிக்காயோட குடும்பம் நடத்துன பாரு, அதான் தப்பு. பசியில கெடந்த வயிறு, பிரியாணியப் பாத்ததும் பாஞ்சிடுச்சி. இப்ப மறுபடியும் பட்டினி போட்டா மறுபடியும் பாயும்."

"அப்ப இன்னா பண்றது?"

"ஒண்ணும் பண்ணாத. தின்னது தின்னாச்சு, உடு. காலையில ரெண்டு இட்லி, மதியானம் சோறு, கீரை, ஒரு முட்டை. சாயந்தரம் ஏரி வரைக்கும் ஒரு நடை. அவ்ளோதான்."

வீட்டின் முன்பக்கமே மண்டி. பன்னிரண்டு வருஷமாக அங்கேயே சாமை விற்கும் கருப்பன், மலை கிராமத்திலிருந்து இரண்டு மூட்டையோடு வந்து, எடை போடக் காத்துக்கொண்டு மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார். அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"அம்மா சொல்றது சரிதான் பாப்பா. நான் ஒரு முழுப் பலாப்பழத்தத் தனியா தின்னவன். மறுநா காலையில கூழு குடிச்சிட்டு ஏர் ஓட்டப் போய்ட்டேன். இதுக்கெல்லாமா பட்டினி கெடப்பாங்க?"

"சரி, ஒத்துக்கறேன்," என்றாள் ஜோஸ்லின். "ஆனா அந்த நாலு கிலோ எங்கருந்து வந்துச்சி? அத மட்டும் சொல்லுங்க, சாப்பிடறேன்."

எல்லோரும் மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த சந்தியாகப்பனைப் பார்த்தார்கள். அவர் இரண்டு நாளாகவே விதவிதமான காரணங்கள் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அது... வளர்ற வயசு கண்ணு. எலும்பு கெட்டியாவுது."

"ஒரே ராத்திரியிலயா?"

"தலைக்கு எண்ணெ வெச்சிருந்த இல்ல?"

"நாலு கிலோ எண்ணெயா?"

"பனி, கண்ணு! மலைப் பனி எறங்குனா இரும்பு ஊறிப் போவும். அதான் மெஷின் தப்பா காட்டுது."

"இரும்பு ஊறுமாப்பா? நான் சயின்ஸ் குரூப்பு! மெஷின் பொய் சொல்லாதுன்னு நீதான தெனமும் கருப்பன் மாமாகிட்ட சொல்ற?"

சந்தியாகப்பன் துண்டால் முகத்தைத் துடைத்தார். இந்தக் குளிரிலும் அவருக்கு வியர்த்தது. துண்டைப் பிழிந்தால் சாமை வயலுக்கே பாயும் போலிருந்தது.

"மெஷின் சொல்றத நம்புறேன். நாலு கிலோ எறங்குற வரைக்கும் சுடுதண்ணிதான்," என்று எழுந்தாள் ஜோஸ்லின். இரண்டடி வைப்பதற்குள் கண் இருட்டிச் சுவரைப் பிடித்தாள். ரோசி அலறினாள். கருப்பன் மூட்டையிலிருந்து குதித்து ஓடிவந்து, அவளைத் தாங்கி உட்காரவைத்தார்.

சந்தியாகப்பன் மகளின் வெளுத்துப்போன முகத்தைப் பார்த்தார். அவள் தோளைப் பிடித்திருந்த கருப்பனைப் பார்த்தார். பிறகு இட்லித் தட்டை எடுத்து மகளின் மடியில் வைத்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டார்.

"சாப்புடு கண்ணு. உம்மேல நாலு கிலோலாம் ஏறல. திங்கக்கெழம எடை மெஷின் செக்கிங்குக்கு ஆபீசருங்க வர்றாங்கன்னு சொன்னாங்க... ஞாயித்துக்கெழம நீங்க போன பெறகுதான் மெஷின சரி பண்ணேன். அதுக்கு முன்ன அது அம்பது கிலோவுக்கு நாலு கிலோ கொறச்சிதான் காட்டிக்கினு இருந்துச்சி."

ஜோஸ்லின் ஒரு இட்லியை முழுசாக வாயில் போட்டுக்கொண்டாள். கருப்பன் மெதுவாக நிமிர்ந்தார்.

"அப்ப பன்னெண்டு வருசமா டயட்டு இருந்தது எங்க மூட்டைங்கதானா, மொதலாளி?"