பதினோராவது வரி

தாளைக் கையில் வாங்கியதுமே வாசனை அடித்தது.

மார்க்கர் பேனா வாசனை. பத்து வருடமாக ஜெராக்ஸ் கடையில் நிற்கிறேன், என் மூக்கை ஏமாற்ற முடியாது. நகலில் இந்த வாசனை வராது. தாளைப் புரட்டினேன். மை ஊறிப் பின்பக்கம் வரை வந்திருந்தது.

இந்த அலுவலகத்தின் வழக்கம் எனக்கு அத்துப்படி. வெளியே போகக்கூடாத விவரத்தின் மேல் முதலில் கறுப்பு மை அடிப்பார்கள். பிறகு அதை நகல் எடுத்து, நகலை மட்டும்தான் தகவல் கேட்டு மனுப் போட்டவரிடம் கொடுப்பார்கள். மை அடித்த தாளையே கொடுத்தால் வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிடலாம் அல்லவா. எனக்கு இதுவரை வந்த பன்னிரண்டு பதில்களும் சுத்தமான நகல்கள்.

இன்று குமாஸ்தா மாற்றிக் கொடுத்துவிட்டார்.

“எல்லாப் பக்கமும் இருக்கான்னு பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்கம்மா,” என்றார்.

இருந்ததே ஒரு பக்கம். பார்க்காமலே போட்டேன். எங்கே கண்டுபிடித்துத் திரும்பக் கேட்டுவிடுவாரோ என்று தாளை உடனே மடித்துக்கொண்டேன். பேனாவை மேஜையோடு நூல் போட்டுக் கட்டியிருந்தார்கள். அணு உலைக்கும் இவ்வளவு பத்திரம் பார்த்திருந்தால் நான் இந்தப் படியையே ஏறியிருக்க மாட்டேன்.

என் வீட்டுக்காரர் வெல்டர். ஆறு வருடத்துக்கு முன் அணுமின் நிலையத்தில் ஒரு குழாய் கசிந்தபோது, ஒப்பந்த ஆட்கள் பதினேழு பேரை உள்ளே அனுப்பினார்கள். ஆளுக்கொரு சின்ன அட்டையைச் சட்டையில் குத்திவிட்டார்களாம். உடம்பில் பட்ட கதிர்வீச்சு எவ்வளவு என்று அது காட்டிவிடுமாம். வெளியே வந்ததும் அட்டையை வாங்கிக்கொண்டு, வரிசையில் நிற்கவைத்துப் பெயர் கேட்டு எழுதினார்களாம். “எழுதுனாங்க, என் கண்ணால பாத்தேன்,” என்று ஆயிரம் முறை சொல்லியிருப்பார்.

கூட வேலை செய்தவர்கள் அவரை ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். வாயை மூடவே மாட்டார். இப்போது தொண்டையில் இரண்டு அறுவை முடிந்து, வேண்டியதைச் சின்ன நோட்டில் எழுதிக் காட்டுகிறார்.

மருத்துவக் குழுவில் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டார்கள். அன்றைக்குப் பட்ட அளவு, எண்ணாக வேண்டும். எண் இருந்தால் நிலையத்தின் ஆஸ்பத்திரியிலேயே மூன்றாவது அறுவை. இல்லையென்றால் இது யாருக்கு வேண்டுமானாலும் வரக்கூடிய வியாதி. படிவம் கொடுக்க இன்றுதான் கடைசி நாள்.

நிலையத்தில் கேட்டால், பதிவேட்டைப் பாதுகாப்பு மேற்பார்வை அலுவலகம் கொண்டுபோய்விட்டது என்றார்கள். இங்கே கேட்டால், கொடுத்தால் நாட்டுக்கு ஆபத்து என்றார்கள். என் வீட்டுக்காரர் தொண்டையில் நாட்டின் எந்த ரகசியம் சிக்கிக்கொண்டிருக்கிறது என்று மேல்முறையீட்டில் கேட்டேன். மறைக்க வேண்டியதை மறைத்துத் தாளைக் கொடுக்கும்படி உத்தரவு வந்தது. நான்கு வருடம் ஆனது அதற்கு.

மாடிப்படி திரும்பும் இடத்தில் ஒரு ஜன்னல். நல்ல வெயில். தாளைக் கண்ணாடியில் அழுத்திப் பிடித்தேன்.

மைக்குள்ளிருந்து எழுத்துகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. பதினோராவது வரியில் அவர் பெயர். உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம். கணக்குப் போட்டால் நாற்பது நிமிடம். என்னிடம் பத்து நிமிடம் என்று சொல்லியிருந்தார். நான் பயப்படுவேனாம். அந்த நிமிடம் அவர்மேல் வந்த கோபத்தில் அழுகையே வந்துவிட்டது.

கடைசிக் கட்டம்தான் அந்த எண். தாளைச் சரித்துப் பிடித்தேன், திருப்பிப் பிடித்தேன். மேல்வரியைப் பார்த்தேன், கீழ்வரியைப் பார்த்தேன். பதினேழு வரியையும் விரல் வைத்துப் பார்த்து முடித்தேன்.

கட்டத்தில் மை மட்டும்தான் இருந்தது.

பக்கத்தின் அடியில், மை அடிக்காத இடத்தில், பச்சைப் பேனாவில் ஒரு அதிகாரி எழுதியிருந்தார். பதிவேடு சரிபார்க்கப்பட்டது, குறையொன்றுமில்லை.

பின்னால் செருப்புச் சத்தம். குமாஸ்தா. தாளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன். அவர் கையை நீட்டவில்லை.

“சொன்னா நம்ப மாட்டீங்கன்னுதான்மா அதையே குடுத்தேன்,” என்றார். “அந்தக் கட்டத்தையெல்லாம் மூடச் சொன்னாங்க, மூடினேன். மூடறதுக்கு அங்க ஒண்ணும் இல்ல.”

வெளியில் யாரிடமும் காட்டிவிட வேண்டாம், தன் வேலை போய்விடும் என்றும் சொன்னார். சரி என்று தலையாட்டினேன். அவர் கைவிரல்களில் கறுப்பு மை இன்னும் போகாமல் இருந்தது.

கீழே வாசல் பெஞ்சில் ரேடியோ உட்கார்ந்திருந்தார். படிவத்தை மடியில் விரித்து, பெயர், வயது, தொழில் எல்லாவற்றையும் அழகான கையெழுத்தில் நிரப்பியிருந்தார். ஒரு கட்டம்தான் பாக்கி. பேனா மூடியைக் கழற்றி விரலிடுக்கில் பிடித்தபடி, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் கையிலிருந்து பேனாவை வாங்கி, மூடியைப் போட்டேன்.