சவுக்காரம் பூசாத பொம்மை

தெமோதரைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் மாலை வெயில் வாசற்படி வரை வந்து நிற்கிறது. மலையில் கொழுந்து பறித்துவிட்டுத் திரும்பிய யோகமலர் கால் கழுவிவிட்டு ரொட்டிக்கு மா பிசைகிறாள். தன் தங்கச்சியின் சடங்குக்கு வராமல் இருந்துவிட்ட புருஷன் மோகன்ராஜோடு அவள் பேசி மூன்று நாளாகிறது. அவன் மடிக்கணினியோடு படியில் உட்கார்ந்து, திரையில் வண்ணக் கட்டைகளை இழுத்து ஒன்றோடொன்று பொருத்துகிறான். கட்டைகளை அடுக்கினாலே விளையாட்டு உருவாகிவிடுகிற மென்பொருள் அது. கூடை சுமந்த ஒரு பொம்மை தேயிலைச் செடிகளுக்கிடையே நடக்கிறது. நாலடி வைப்பதற்குள் அட்டைகள் நெளிந்து வந்து காலில் ஏறுகின்றன. பொம்மை "ஐயோ" என்று விழுகிறது. எழுந்து நடக்கிறது, மறுபடியும் விழுகிறது. ஐந்தாவது "ஐயோ"வில் மா பிசைகிற கை நின்றுவிடுகிறது.

"சவுக்காரம் பூசாம மலைக்கு அனுப்புனா அட்டை கடிக்காம கொஞ்சுமா? இதுகூடத் தெரியாம வெளையாட்டு செய்ய வந்துட்டாரு!"

"அட, மறந்தே போச்சு மலரு. எங்க பூசணும்?"

"கெண்டைக்கால்லயும் விரலிடுக்குலயும். தள்ளி ஒக்காருங்க, காட்டுறேன்."

மாவு ஒட்டிய கையோடு அவள் பக்கத்தில் உட்காருகிறாள். அவன் ஒரு பட்டனைத் தட்டுகிறான். முன்பே வரைந்து ஒளித்து வைத்திருந்த சவுக்காரச் சோப்புக் கட்டி பொம்மையின் காலடியில் வந்து விழுகிறது. யோகமலர் திரையைப் பார்க்கிறாள், பிறகு அவனைப் பார்க்கிறாள். மாவு விரல் அவன் மூக்கில் வெள்ளையாக ஒரு கோடு இழுக்கிறது.