பச்சைப் பட்டையும் மூன்று மீன் துண்டுகளும்

ரிசார்ட்டில், சாப்பாட்டுக்கும் சேர்த்துப் பணம் கட்டியதற்கு அடையாளமாகக் கையில் பச்சைப் பட்டை கட்டியவர் எதை எடுத்துத் தின்றாலும் ஏனென்று கேட்க ஆளில்லை. நான்கு நாளாக அப்படியே பழகிவிட்ட பேங்க் மேனேஜர், இன்று உள்ளூர் வாழ்க்கையை அனுபவிக்கிறேன் என்று மனைவியோடு மதிலைத் தாண்டி வந்து, மீன் வாசனை வந்த கதவுக்குள் நுழைந்து, அடுக்கிலிருந்த தட்டை எடுத்து, பொரித்து வைத்திருந்த மீனில் மூன்று துண்டுகளைத் தானே போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கொடியில் பள்ளிச் சீருடை காய்கிறது. சுவரில் ஒரு மீசைக்காரரின் கல்யாணப் படம். "ஏங்க, இது கடையில்ல, வீடு," என்கிறாள் மனைவி, உதடு அசையாமல். வாயிலிருக்கும் மீன் உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. படத்திலிருக்கும் அதே மீசைக்காரர் எதிரே நின்று, மீன் அரிந்த கத்தியோடு இமைக்காமல் பார்க்கிறார். கத்தி நுனியில் வெயில் துடிக்கிறது. சமையலறையில் எண்ணெய் சடசடக்கிறது. வாசல் ஆறடிதான். மேனேஜர் தட்டை மெல்லக் கீழே வைக்கிறார். "அண்ணே, தெரியாம..." கத்தி மேலே எழும்பி, சமையலறைப் பக்கம் நீள்கிறது. "அடியே, உன் சொந்தக்காரங்க வந்து எவ்வளவு நேரமாச்சு! யாருன்னு கேட்டா கோவிச்சுப்பாங்கன்னு நானும் பேசாம நிக்கிறேன். தண்ணியாவது கொண்டா!" எண்ணெய்ச் சத்தத்துக்கு மேலே பதில் வருகிறது. "என் சொந்தமா? உங்க பெரியப்பா மகன்னு நெனச்சுல்ல இன்னும் நாலு துண்டு பொரிச்சுட்டிருக்கேன்!" மீசை மெல்ல மேனேஜர் பக்கம் திரும்புகிறது.