கேள்விக்குப் பிறகு

"இந்த நோயாளிக்குப் படுத்தா மட்டும் ஏன் மூச்சு வாங்குது? யாராவது சொல்லுங்க... சரி, நானே சொல்றேன்" என்றாள் டாக்டர்.

பயிற்சியாளர் கையை உயர்த்தி நிறுத்தினார். வெளிநாட்டு மிஷன் மருத்துவக் கல்லூரிகளுக்குப் பாடம் நடத்தப் போகிறவர்களைத் தயார்ப்படுத்துவது அவர் வேலை.

"டாக்டரம்மா, அங்கே பிள்ளைங்க வேற மொழியில யோசிச்சுப் பதில் சொல்லணும். கேட்டுட்டா வாயை மூடிக்கிட்டுக் காத்திருங்க. ஜெபத்துலயும் இப்படித்தானா? ஆண்டவர் பதிலையும் நீங்களே சொல்லிடுவீங்களா?"

வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள்.

"சரி, வீட்ல சம்மதம் வாங்கியாச்சா? நாளைக்குள்ள எனக்கு முடிவு தெரியணும்."

அவள் சிரிப்பு அடங்கியது. "அவர் விடமாட்டார் சார். எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்துட்டேன்."

"இன்னொரு தடவை கேளுங்க."

மாலையில், செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த கணவரிடம் கேட்டாள். "என்னங்க, நான் போகட்டுமா?"

அவர் பேசவில்லை. வழக்கமான அதே மௌனம். 'சரி விடுங்க, போகல' என்று நாக்கு நுனிவரை வந்ததைப் பல்லைக் கடித்து நிறுத்தினாள். தொட்டி நிரம்பி, தண்ணீர் வழிந்து அவள் காலை நனைத்தது. அப்போதும் நின்றாள்.

"வேணாம்னு நான் எப்பவாவது சொன்னேனா?" என்றார் அவர் மெல்ல. "நீ கேப்ப. நான் யோசிக்கிறதுக்குள்ள 'சரி, போகல'ன்னு நீயே சொல்லிட்டு உள்ளே போயிடுவ."

ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் இன்னும் முடிக்கவில்லை என்று தோன்றவே, மூடிக்கொண்டாள்.

"நானும் வரேன்" என்றார்.