இருக்கேன்

"மஹாதேவன் மாமா இன்னும் எழுதலை, ரோஹிணி" என்று விஜயலக்ஷ்மி காதோரம் கிசுகிசுத்தாள்.

ரோஹிணி கடிகாரத்தைப் பார்த்தாள்; மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது. வேறு எந்த நாளாக இருந்தாலும் இந்நேரம் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியிருப்பாள். இன்றைக்குப் பார்த்து எதிர் நாற்காலியில் மும்பைக்காரர் உட்கார்ந்திருந்தார்.

காலையிலிருந்தே கல்கத்தா பாலிகஞ்சின் அந்தச் சின்ன ஃப்ளாட் கல்யாணக் களை கட்டியிருந்தது. இருக்காதா பின்னே? இணையத்தில் சுறுசுறுப்பாக இயங்கும் சேவைக் குழுக்களுக்கு மும்பை அறக்கட்டளை ஒன்று போட்டி வைத்திருந்தது. நாடு முழுவதிலிருந்தும் கடைசிச் சுற்றுக்கு வந்தவை மூன்றே மூன்று. அதில் ஒன்று, இவர்கள் இருவரும் நடத்தும் 'இருக்கேன்' குழு. ஜெயித்தால் வருகிற பணத்தில் ஒரு நர்ஸும் ஒரு வண்டியும் வைத்துக்கொள்ளலாம். விஜயலக்ஷ்மி நெய் சொட்டச் சொட்டக் கேசரி கிளறியிருந்தாள். ரோஹிணியோ சந்தோஷம் தாங்காமல், 'நாளைக்கு நம்மைப் பார்வையிட அறக்கட்டளையிலிருந்து எம். ஸ்ரீநிவாஸ் வருகிறார்' என்று முந்தின நாளே குழுவில் தண்டோரா போட்டுவிட்டாள்.

வந்த ஸ்ரீநிவாஸ் கேசரியைத் தொடவில்லை. கம்ப்யூட்டர் திரையை மேலும் கீழுமாக உருட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"அறுபது பேர் தினமும் எழுதறாங்க, சரி. ஆனா எல்லாரும் ஒரே வார்த்தைதானே எழுதறாங்க? தமிழ்க்காரங்க 'இருக்கேன்'னு, பெங்காலிக்காரங்க 'ஆச்சி'ன்னு. அவ்வளவுதான். மத்த குழுக்கள்ல சண்டை, போட்டோ, கவிதைன்னு அமர்க்களப்படுது. இங்க யாரோ ஒருத்தர் உட்கார்ந்து எல்லார் பேர்லயும் தட்டிவிடற மாதிரி இருக்கு, மேடம்."

ரோஹிணிக்குக் கோபம் வந்தது. அடக்கிக்கொண்டு பொறுமையாகச் சொன்னாள். உறுப்பினர்கள் எல்லோரும் தனியாக இருக்கும் வயதானவர்கள். பிள்ளைகள் வெளியூரில், வெளிநாட்டில். காலை ஒன்பது மணிக்குள் அந்த ஒரு வார்த்தையை எழுதினால் போதும். எழுதாதவருக்குப் போன் போகும். போனையும் எடுக்காவிட்டால் யாராவது ஓடிப்போய்க் கதவைத் தட்டுவார்கள். போன வருஷம் குளியலறையில் வழுக்கி விழுந்து கிடந்த ஒரு டீச்சரம்மாவை அப்படித்தான் காப்பாற்றினார்கள்.

"கேக்க நல்லாத்தான் இருக்கு" என்றார் ஸ்ரீநிவாஸ். "இந்த வயசுல யார் கம்ப்யூட்டரைத் தொடறாங்க? எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு டி.வி. ரிமோட்டே தகராறு."

அதற்குள் விஜயலக்ஷ்மி போனை வைத்துவிட்டு, எடுக்கவில்லை என்று தலையை ஆட்டினாள்.

ரோஹிணி எழுந்துவிட்டாள். அவசரமாக டாக்குரியாவில் ஓர் உறுப்பினர் வீட்டுக்குப் போகவேண்டும், மன்னிக்கவேண்டும் என்றாள். ஸ்ரீநிவாஸ் கடிகாரத்தைப் பார்த்தார். மதியமே தனக்கு விமானம் என்றும், அவள் பாதியில் போய்விட்டால் பார்த்தவரைக்கும்தான் ரிப்போர்ட்டில் எழுத முடியும் என்றும் கறாராகச் சொன்னார்.

நர்ஸ், வண்டி எல்லாம் ஒரு நொடி கண்முன்னே வந்து போயின. ரோஹிணி கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"எழுதிக்கோங்க சார். மஹாதேவன் மாமா ஒரு நாள்கூட எழுதாம இருந்ததில்லை."

"யாரு?"

"மஹாதேவன். போர்ட் டிரஸ்ட்ல ரிட்டயர் ஆனவர்."

ஸ்ரீநிவாஸ் பேனாவை மூடினார். "நானும் வரேன். அவர் எழுதறது நிஜம்தானான்னு பார்த்துடறேன்."

இந்த நேரத்திலும் சோதனையா என்று ரோஹிணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் வாதாட நேரமில்லை. கீழே ஓடி மஞ்சள் டாக்ஸி ஒன்றை மடக்கினார்கள். பாலத்தில் நெரிசலாக இருக்கும், ஏரிப் பக்கமாகப் போ என்று ஸ்ரீநிவாஸ் டிரைவரிடம் வங்காள மொழியில் சொன்னார். வண்டி பறந்தது.

"அவருக்கு யாரும் இல்லையா?" என்று கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்.

ரோஹிணிக்கு இருந்த படபடப்பில் மனதில் இருந்ததெல்லாம் கொட்டிவிட்டது. "ஒரு பையன் இருக்கான் சார். எங்கேயோ பெரிய வேலையாம். எப்பவாவது போன் பண்ணுவான். 'நல்லா இருக்கியாப்பா'ன்னு கேட்டுட்டு, பதில் வர்றதுக்குள்ள வெச்சுடுவான். மாமா அவனை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. எனக்குத்தான் அவனை நேர்ல பார்த்தா நறுக்குன்னு நாலு கேள்வி கேக்கணும்."

ஸ்ரீநிவாஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

டாக்குரியாவில் மாடிப்படிகளைப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டிரண்டாகத் தாண்டினாள் ரோஹிணி. கதவைத் தட்டினாள். சத்தமே இல்லை. கடவுளே, ஒன்றும் ஆகியிருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே மறுபடியும் படபடவென்று தட்டினாள்.

தாழ்ப்பாள் விலகியது. கையில் கரண்டி, தோளில் துண்டு, பின்னாலேயே கமகமவென்று சாம்பார் வாசனையுமாக மஹாதேவன் நின்றார். ரோஹிணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"ஏன் மாமா எழுதலை?"

"மன்னிச்சுக்கோம்மா. கார்த்தால லேக் மார்க்கெட் போய் வாழையிலை வாங்கிண்டு வந்து சமையல்ல இறங்கினவன், கம்ப்யூட்டரையே மறந்துட்டேன். குக்கர் சத்தத்துல போன் அடிச்சதும் காதுல விழலை. யார் வரான்னு நேத்து நீதானே எழுதியிருந்தே" என்றவர், அவளுக்குப் பின்னால் படியிலேயே தயங்கி நின்ற ஸ்ரீநிவாஸைப் பார்த்தார். "கல்கத்தா வரைக்கும் வந்த பிள்ளை, அப்பாவைப் பார்க்காமலா போயிடுவான்? உள்ளே வா ஸ்ரீநி, இலை போட்டாச்சு. சாப்பிட்டுட்டு அப்புறமா எழுதலாம் உன் ரிப்போர்ட்டை."