பதினாலாம் வரிசை ஜன்னல் சீட்

“எங்க அப்பா சாகறப்போ தியேட்டர்ல விசில் அடிக்கறாங்க சார்! கை தட்டறாங்க!”

மதுவந்தி போட்ட சத்தத்தில், தி. நகரிலிருந்த அந்தப் பட கம்பெனி வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள்கூட உள்ளே எட்டிப் பார்த்தார்கள். டைரக்டர் நிரஞ்சன் மட்டும் அசையவில்லை. நாற்காலியில் சாய்ந்து பேனாவைச் சுழற்றிக்கொண்டிருந்தார். படம் ஓடுகிற திமிர் அவர் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

இருபது வருஷத்துக்கு முன்னால் ஓடுபாதையில் இறங்கும்போது தீப்பிடித்த விமானம்தான் அவருடைய படத்தின் கதை. அதில் ரங்கன் என்று ஒரு பயணி. கைக்குழந்தையோடு வழியில் நிற்கும் பெண்ணை எட்டி உதைத்துவிட்டு ஓடுகிறான். கதவை எட்டுவதற்குள் கருகிச் சாகிறான்.

கஸ்தூரிரங்கன் என்ற அவள் அப்பாவின் பெயரில் பாதியை வெட்டிவிட்டால் யாருக்கும் தெரியாது என்று நினைத்தார் போலிருக்கிறது. மயிலாப்பூர் முழுக்கத் தெரிந்துவிட்டது. செத்தவன் எழுந்து வந்து மறுத்துப் பேசவா போகிறான் என்ற தைரியம்!

விபத்து நடந்தபோது மதுவந்திக்கு மூன்று வயது. அப்பா என்று அவளிடம் இருந்ததெல்லாம் ஒரு போட்டோவும், அம்மா சொன்ன நாலு வார்த்தையும்தான். போன வாரம் பாங்குத் தோழி நோராவோடு படத்துக்குப் போனவள், இடைவேளைக்கு முன்பே அழுதுகொண்டே எழுந்து வந்துவிட்டாள். இப்போது அவள் கவுன்ட்டருக்கு வருகிறவர்களெல்லாம் அவளை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள்.

“மது, போறும்டி. வா, ஆத்துக்குப் போயிடலாம்” என்று அம்மா ஜானு அவள் புடவைத் தலைப்பை இழுத்தாள். 12பி பஸ்ஸில் ஏறியதிலிருந்து இதே பாட்டுதான்.

“நீ சும்மா இரும்மா! இப்படி எல்லாத்துக்கும் பயந்து பயந்துதான் இவாளுக்கெல்லாம் இளக்காரமாப் போச்சு!”

நிரஞ்சன் நிமிர்ந்து உட்கார்ந்தார். “பாரும்மா, நான் ஒண்ணும் கற்பனை பண்ணலை. உயிர் பிழைச்ச ரெண்டு பேர் எங்கிட்ட நேர்ல சொன்னது. பதினாலாம் வரிசை ஜன்னல் சீட்டுல இருந்த ஆள்தான் உதைச்சுட்டு ஓடினான். அம்பது வயசு, நல்ல தொந்தி. பயணிகள் பட்டியலைப் பார்த்தா, அந்த சீட்டுக்கு உங்க அப்பா பேர்தான் போட்டிருக்கு.”

மதுவந்தி கைப்பையிலிருந்து போட்டோவை எடுத்து மேஜைமேல் அறைந்தாள்.

“இதுவா தொந்தி? அப்பாவுக்கு அப்ப முப்பத்தொரு வயசு! ஊதினா விழுந்துடுவார். இந்த லட்சணத்துல ‘உண்மைச் சம்பவம்’னு வேற போட்டுக்கறீங்க. வெக்கமா இல்லை?”

“பத்தி எரியற விமானத்துல யாரும்மா வயசு பார்த்துக்கிட்டு இருந்தாங்க?”

“அந்த சீனை வெட்டுங்க. இல்லேன்னா கோர்ட்டுக்குப் போவேன்.”

“தாராளமாப் போ. ஆனா எங்க வக்கீல்கிட்ட நான் கேட்டாச்சு. செத்தவங்களுக்கு மானநஷ்டம் கிடையாதாம். கேஸ் போடணும்னா அந்த ரங்கனே வந்து போட்டாத்தான் உண்டு.” சொல்லிவிட்டு அவர் சிரித்தார். மனுஷனா அவர்?

மதுவந்திக்குக் கண் மண் தெரியவில்லை. கையிலிருந்த இரண்டு வளையல்களையும் கழற்றி மேஜைமேல் வீசினாள்.

“எனக்குன்னு சேர்த்த நகை அத்தனையையும் வித்துக் கேஸ் நடத்துவேன். பத்து வருஷம் ஆனாலும் விடமாட்டேன். அம்மா, பிள்ளையாத்துக்காராகிட்ட சொல்லிடு. எங்க அப்பா பேர்ல இருக்கற இந்த அழுக்கு போகற வரைக்கும் எனக்குக் கல்யாணமும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்!”

ஜானு எழுந்தாள். வளையல்களைப் பொறுக்கி, மகள் கையிலேயே திரும்ப மாட்டினாள். பயத்தில் செய்கிறாள் என்றுதான் மதுவந்தி நினைத்தாள். முகத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, அது கோபம். அம்மாவிடம் அப்படி ஒரு கோபத்தை அவள் பார்த்ததே இல்லை.

“இவ வாழ்க்கை இதுக்காக வீணாகணுமா?” என்று யாரையோ கேட்பது போலச் சொன்னாள் ஜானு. பிறகு நிரஞ்சன் பக்கம் திரும்பினாள். “அவரே வந்து கேட்டா வெட்டுவேளா?”

“அவரே வந்துட்டா, கால்ல விழுந்து வெட்டறேம்மா.”

ஜானு அவர் விரலிடுக்கில் இருந்த பேனாவைப் பிடுங்கினாள். மேஜையில் கிடந்த காகிதத்தில் மூன்று வரி எழுதி அவர் முன்னால் தள்ளினாள்.

நிரஞ்சன் சிரிப்பு மாறாமலே அதைப் படித்தார். “ஸ்ரீலக்ஷ்மி, மூணாவது தெரு, கொட்டிவாக்கம்... யாரும்மா இந்தப் பொம்பளை?”

“போய்க் கதவைத் தட்டுங்கோ. அன்னிக்கு டிக்கெட்டை வேற யாருக்கோ கொடுத்துட்டு அங்க போன எங்காத்துக்காரர்தான் திறப்பார்.”